மருத்துவமனைக்கு இணையதளம் அமைப்பவர் கவனிக்க வேண்டிய சட்டங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் இணையதள வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். இதுவரை ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, திருமண மண்டபம் போன்றவற்றுக்குத்தான் தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது மகப்பேறு, குழந்தையின்மைச் சிகிச்சை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனைக்கூடம் எல்லாம் உள்ள ஒரு சிறிய மருத்துவமனை என்னிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறது. முன்பதிவுப் படிவம், செல்பேசி எண்ணைக் கொண்டு பரிசோதனை அறிக்கையை இறக்கிக்கொள்ளும் வசதி, சிகிச்சைக்குப் பின் குழந்தை பெற்ற தம்பதியரின் படங்களும் அனுபவங்களும் என மூன்றும் வேண்டும் என்கிறார் டாக்டர். நான் வாங்கிய அமெரிக்க டெம்ப்ளேட்டில் (ஆயத்தத் தள வடிவமைப்பில்) ‘ஹிப்பா’ சட்டத்துக்கு உட்பட்டது என்ற முத்திரையும் தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? பிற்பாடு பிரச்சினை வந்தால் பொறுப்பு டாக்டருக்கா, எனக்கா?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

முதலில் அந்த முத்திரையை எடுத்துவிடுங்கள். ‘ஹிப்பா’ என்பது 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம். அந்நாட்டு மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் அவற்றுக்காகத் தகவல்களைக் கையாளும் ஒப்பந்ததாரர்களையும் கட்டுப்படுத்துவது. கும்பகோணத்து மருத்துவமனை அதற்கு உட்பட்டதும் அல்ல, அதன்படி யாரும் வந்து சோதித்துச் சான்று கொடுத்ததும் இல்லை. இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டுவது நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். உடன் வந்த தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் பயன்படாது. அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்றுக்குப் புகார் அனுப்பலாம் என்று வலங்கைமானிலிருந்து வரும் கர்ப்பிணிக்குச் சொல்லி என்ன பயன்? அதற்குப் பதிலாக வேறொரு பக்கத்தை இப்போதே எழுதவும் உட்கார வேண்டாம். தளம் எந்தத் தகவலைக் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது, எங்கே வைக்கிறது, யார் யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறது என்பவை முடிவான பிறகுதான் உண்மையான கொள்கைப் பக்கத்தை எழுத முடியும். ஆகவே அது இந்த வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியது. பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் அதை முதலில் ஒட்டிவிட்டுச் சட்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

உங்கள் தளத்தைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் இப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கட்டத்தில் இருக்கிறது. ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஏ பிரிவும் அதன்கீழ் 2011இல் வந்த விதிகளும். உடல்நிலை, மனநிலை, மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றைத் தனிக் கவனத்துக்குரிய தகவல்களாக அவை வகைப்படுத்துகின்றன. அவற்றைப் பெறுவதற்கு எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும், தனியுரிமைக் கொள்கையைத் தளத்தில் வெளியிட வேண்டும், குறைகளைக் கேட்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. தனியொருவர் நடத்தும் தொழிலும் இவ்விதிகளுக்கு உட்பட்டதே என்பதால், ‘நாங்கள் சின்ன மருத்துவமனைதானே’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. மற்றொன்று, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகவல் சேகரிப்போரின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி அவ்விதிகள் அமைந்துள்ளன. நீங்கள் இன்று அமைக்கும் தளம் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் புதிய சட்டத்தை மனத்தில் வைத்தே அமைப்பதுதான் சிக்கனம்.

புதிய சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் 250 கோடி ரூபாய் அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். தகவலுக்குத் தகுந்த பாதுகாப்பு அளிக்காதவர் மீது விதிக்கக்கூடிய உச்சவரம்பு அது. மீறலின் தன்மையையும் கடுமையையும் பார்த்தே தொகை முடிவாகும். டெல்டாவில் உள்ள ஒரு சிறு மருத்துவமனைக்கு உடனடியாக வரக்கூடிய வழக்கு வேறு இடத்திலிருந்து வரும் என்பது என் கணிப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டத்தின் அனுமதியின்றிப் பிறரிடம் வெளியிடுவதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995இலேயே முடிவு செய்துவிட்டது. மேலும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து வந்து சிகிச்சை பெற்றவர் நாகப்பட்டினத்திலேயே மனுக் கொடுப்பார். டாக்டர் அங்கே போய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி முன்பதிவுப் படிவத்துக்கு வருவோம். டெம்ப்ளேட்டில் வரும் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பெயர், வயது, கணவர் பெயர், முகவரி, மின்னஞ்சல், கடைசி மாதவிலக்குத் தேதி, முந்தைய கருச்சிதைவுகள், என்ன தொந்தரவு என்று இருபது கட்டங்கள் இருக்கும். நம்மூர் ஆட்கள் அதில் ஆதார் எண்ணையும் சேர்த்துவிடுவார்கள். ஒருவருக்கு நேரம் ஒதுக்குவதற்கு இவற்றில் எது தேவை என்று ஒவ்வொரு கட்டமாக டாக்டரிடம் கேளுங்கள். பெயரும் செல்பேசி எண்ணும் பார்க்க விரும்பும் மருத்துவரும் நாளும் போதும். மற்றவை புறநோயாளிப் பிரிவில் செவிலியர் நேரில் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியவை. புதிய சட்டத்தின் 6ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டே உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று, சேவைக்கு வேண்டிய தகவலுக்கும் செல்பேசியில் உள்ள தொடர்பு எண்களின் பட்டியலுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது, பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார், ஆனாலும் அந்தப் பட்டியல் சேவைக்குத் தேவையில்லை என்பதால் அவருடைய ஒப்புதல் சேவைக்கு வேண்டிய தகவலுக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். அதாவது, தேவையில்லாததைக் கேட்டு வாங்கிக்கொண்டால், நோயாளியே பொத்தானை அழுத்தியிருந்தாலும் மருத்துவமனைக்கு அது பாதுகாப்பு ஆகாது.

துறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலும் யோசிக்க வேண்டும். ‘குழந்தையின்மைப் பிரிவு’ என்ற தேர்வே நோயாளியைப் பற்றிய மருத்துவத் தகவல்தான். மருத்துவரின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் செய்தால் அந்தத் தகவல் படிவத்துக்குள் வெளிப்படையாக வராது. படிவம் அனுப்பப்பட்ட பிறகு அது எங்கெல்லாம் தங்குகிறது என்பதையும் தேடிப் பாருங்கள். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸில் இணைக்கும் படிவ பிளகின்கள் (துணைநிரல்கள்) பல ஒவ்வொரு பதிவின் நகலையும் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு மின்னஞ்சலிலும் அனுப்புகின்றன. அந்த மின்னஞ்சல் வரவேற்பாளரின் சொந்த ஜிமெயிலுக்குப் போய், அவர் வேலையை விட்டுச் சென்ற பின்னும் அவருடைய செல்பேசியில் இருந்துகொண்டிருக்கும். கூகுள் ஷீட்டில் சேமிப்பதாக இருந்தால் ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பு ஒருபோதும் இருக்கக் கூடாது.

ஒப்புதல் பெறும் இடத்தில் கட்டத்தை முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். முன்பதிவுக்காகக் கொடுத்த எண்ணை முன்பதிவுக்குப் பயன்படுத்தலாம். அதே எண்ணுக்குப் பொங்கல் வாழ்த்தோடு முழு உடல் பரிசோதனைச் சலுகையை அனுப்ப வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டமும் தனி ஒப்புதலும் வேண்டும். அதைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் காட்டும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நோயாளிக்குத் தர வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் தளத்தில் தமிழ் அறிவிப்பையே முதலில் வையுங்கள். பட்டியலிடும் தகவல்கள் குறைவாக இருந்தால் அறிவிப்பும் பத்து வரிக்குள் அடங்கிவிடும். நோயாளி 18 வயது நிறையாதவராக இருந்தால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்கக்கூடிய வகையில் பெற வேண்டும் என்பது பொதுவிதி. குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மருத்துவமனைகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு விளம்பரத்துக்கு நீளாது.

விளம்பரம் என்றதும் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடைத் தளத்தில், வருகையாளர்களைக் கண்காணிக்கும் நிரல்களான கூகுள் அனலிட்டிக்ஸையும் மெட்டா பிக்சலையும் பொருத்துவது உங்களுக்குக் கைப்பழக்கமாகியிருக்கும். மருத்துவமனைத் தளத்தில், குறைந்தபட்சம் சிகிச்சைப் பக்கங்களிலும் முன்பதிவுப் பக்கத்திலும், அவை இருக்கவே கூடாது என்பேன். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை அவை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. பக்கத்தின் முகவரியிலேயே சிகிச்சையின் பெயர் இருக்கும். அமெரிக்காவின் புகழ்பெற்ற நூறு மருத்துவமனைகளின் தளங்களை 2022இல் ஒரு செய்தி நிறுவனம் சோதித்தபோது 33 தளங்களில் மெட்டா பிக்சல் இருந்தது. மருந்துத் தள்ளுபடி அளிக்கும் குட்ஆர்எக்ஸ் என்ற நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதற்காக 2023இல் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. நம் பகுதியில் இதன் விளைவு இன்னும் வெளிப்படையாக இருக்கும். ஒரே செல்பேசியை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள். மருமகள் மத்தியானம் தேடிய சிகிச்சையின் விளம்பரம் மாலையில் மாமனாரின் யூடியூபில் வந்து நிற்கும்.

இதே காரணத்தால்தான், செல்பேசி எண்ணைக் கொண்டு அறிக்கையை இறக்கிக்கொள்ளும் வசதி உங்கள் திட்டத்திலேயே ஆபத்து மிகுந்த பகுதி என்று கருதுகிறேன். ஓடிபி வருகிறதே, பாதுகாப்பாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஓடிபி உறுதி செய்வதெல்லாம் அந்தச் சிம் அட்டை யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே. மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் பெயருக்கு எதிரே இருக்கும் எண் கணவருடையதாக இருக்கலாம், திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுடையதாக இருக்கலாம், படிவத்தை நிரப்பிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருடையதாகக்கூட இருக்கலாம். ஆகவே ஓடிபியோடு, பில் எண்ணைப் போல நோயாளியின் கையில் கொடுக்கப்பட்ட இன்னொன்றையும் கேளுங்கள். அதைவிட முக்கியம், இரத்தம் கொடுக்கும் இடத்திலேயே ‘அறிக்கை இணையத்தில் வேண்டுமா, நேரில் வாங்கிக்கொள்கிறீர்களா’ என்று நோயாளியிடம் தனியாகக் கேட்டுப் பதிவுசெய்யும் ஏற்பாடு. எதுவும் சொல்லாதவருக்கு நேரில் கொடுப்பதே இயல்பான வழியாக இருக்கட்டும்.

சில அறிக்கைகளை இந்த வசதிக்குள் கொண்டுவரவே வேண்டாம். எச்ஐவி பரிசோதனை முடிவு அவற்றில் முதன்மையானது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய எச்ஐவி நிலையை அவருடைய தகவலறிந்த ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுப்பதோடு, அத்தகவலை வைத்திருக்கும் நிறுவனங்கள் தனிப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. கருக்கலைப்பு தொடர்பான எல்லா ஆவணங்களும் அப்படியே. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 5ஏ பிரிவின்படி, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் சட்டம் அதிகாரமளித்தவரைத் தவிர வேறு எவருக்கும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்களுக்கும் தம்பதியர், கொடையாளர் ஆகியோரின் விவரங்களை இரகசியமாக வைக்கும் கடமையை 2021ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் விதித்திருக்கிறது. இந்த மூன்று வகை அறிக்கைகளும் கையில் கொடுக்க வேண்டியவை.

குறுஞ்செய்தியின் வாசகத்தையும் நீங்களே எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாமல் அப்போதே யோசித்துவிடுங்கள். ‘உங்கள் ஆய்வறிக்கை தயாராக உள்ளது’ என்பதே போதும். எந்தப் பரிசோதனை, எந்தப் பிரிவு என்பவை பூட்டிய திரையிலும் தெரியும் செய்தியில் இடம்பெறக் கூடாது. அடுத்து, அறிக்கையின் இணைய முகவரி. 1045 என்று முடியும் முகவரியில் 1046 என்று மாற்றினால் அடுத்த நோயாளியின் அறிக்கை திறக்கிறதென்றால், அந்தப் பரிசோதனைக்கூடத்தின் மொத்த அறிக்கைகளும் கதவு திறந்து கிடக்கின்றன என்று பொருள். இது அபூர்வமான பிழையும் அல்ல. அவசரத்தில் எழுதும் நிரல்களில் அடிக்கடி காணக்கூடியது. முகவரி யூகிக்க முடியாததாக இருப்பதோடு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேட்பவர் அதற்கு உரியவர்தானா என்று சர்வர் சரிபார்க்க வேண்டும். இணைப்புச் சில நாட்களில் தானே காலாவதியாக வேண்டும். மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் நோயாளிகள் பலர் இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ போய்த்தான் பிரிண்ட் எடுப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் பிடிஎஃப் அப்படியே கிடக்கும், அடுத்து வருபவர் பார்ப்பார். திரையிலேயே காட்டி அங்கிருந்தே அச்சிடும் வழியை முதலில் வையுங்கள். சில நிமிடங்கள் சும்மா இருந்தால் தானே வெளியேறும்படியும், பிரவுசர் நகல் வைத்துக்கொள்ளாதபடியும் அமையுங்கள்.

தம்பதியரின் படங்களுக்கும் அனுபவங்களுக்கும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். டாக்டருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் இதில் மாட்டிக்கொள்ளப் போகிறவர் அவரே. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறைகளின்படி, நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைத்து விளம்பரம் செய்வது நெறிக்கு மாறானது. நோயாளியை அடையாளம் காணக்கூடிய படத்தையோ சிகிச்சை விவரத்தையோ அவருடைய அனுமதியின்றி வெளியிடுவதும் முறைகேடு. மகப்பேறு மருத்துவமனை போன்ற நிறுவனம் தன்னைப் பற்றி அறிவிக்கலாம். பெயர், எவ்வகை நோயாளிகளுக்குச் சிகிச்சை, வசதிகள், கட்டணம் ஆகியவற்றைத் தாண்டி அதில் எதுவும் இருக்கக் கூடாது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டு, அதே ஆகஸ்ட் மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டதால் 2002ஆம் ஆண்டுடையவையே இன்றும் அளவுகோல்.

பெயரை மாற்றிவிட்டு, முகத்தை மறைத்துவிட்டுப் போடலாமே என்று கேட்பீர்கள். பெருநகரத்தில் அது ஓரளவு பலிக்கலாம். இங்கே ‘பாபநாசம் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியைக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு இரட்டைக் குழந்தைகள்’ என்று எழுதினாலே டவுன் பஸ்ஸில் வரும் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். திருக்கருகாவூரில் நேர்ந்துகொண்டதாகச் சொல்லி மகிழும் குடும்பம், செயற்கைக் கருத்தரிப்பைப் பற்றி உறவினரிடம் வாய் திறந்திருக்காது. தம்பதியர் இன்று உற்சாகத்தில் கையெழுத்துப் போட்டாலும் படத்தில் இருக்கும் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும் வயதிலும் கூகுளில் அந்தப் பக்கம் வரும். சிகிச்சையின் படிகள், ஆகும் காலம், கட்டணம், வெற்றி வாய்ப்பு எதைப் பொறுத்தது என்பதை மருத்துவரே எளிய தமிழில் எழுதிக் கொடுத்தால், தேடி வருபவருக்கு அது படங்களைவிடப் பயன்படும், ஒழுங்குமுறையும் தடுக்காது.

ஸ்கேன் பக்கத்தை உங்கள் கண்ணால் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அமெரிக்க மகப்பேறு டெம்ப்ளேட்டுகளில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பலூன் படங்களும், குழந்தை ஆணா பெண்ணா என்று அறியும் தொகுப்பும் சாதாரணமாக வரும். அங்கே அது கொண்டாட்டம், இங்கே அது குற்றம். 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இணையத்தையும் சேர்த்தே இத்தகைய விளம்பரத்தைத் தடைசெய்து, மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தேடுபொறிகளிலேயே இத்தகைய விளம்பரங்கள் வரக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ நிறுவனங்களைக் கண்டித்த வழக்கும் உண்டு. திரையில் தெரியாத மெட்டா குறிச்சொற்களிலும் படங்களின் கோப்புப் பெயர்களிலும்கூட அந்தச் சொற்கள் ஒளிந்திருக்கலாம். பாலினம் கண்டறியப்பட மாட்டாது என்ற அறிவிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்பக்கத்தின் மேலேயே வைத்துவிடுங்கள்.

காணொளி வழி ஆலோசனையையும் டாக்டர் பிற்பாடு கேட்கக்கூடும். 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி மருத்துவரின் பதிவு எண் தளத்திலும் மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு கொண்ட சாட்பாட் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது.

வெளிநாட்டு உறவினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்கால் அருகில் இருப்பதால் பிரான்சில் குடியிருக்கும் குடும்பங்களும் உங்கள் தளத்துக்கு வருவார்கள். ஐரோப்பாவிலிருந்து தளத்தைத் திறக்க முடிகிறது என்பதால் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பாயாது. யூரோவில் கட்டணம் பெறுவது, பிரெஞ்சு மொழிப் பக்கம் வைப்பது, அங்கிருப்போருக்கென்று ஆலோசனைத் தொகுப்பு விற்பது என்று போனால் நிலைமை மாறும். டாக்டர் அதை விரும்பினால் அதற்கென்று தனி ஆலோசனை பெற்ற பிறகே தொடங்குங்கள்.

தகவல் கசிந்தால் மட்டுமே மீறல் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய சட்டத்தின் வரையறையில் தகவல் அழிந்துபோவதும் அதை எடுக்க முடியாமல் போவதும் மீறலே. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து முடக்கிய தாக்குதலில் ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டு எழுதியே வேலை பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய எதிரி தேவையில்லை. 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் வரவேற்பு மேசைக்குக் கீழே இருக்கும் ஒற்றைக் கணினியில் எல்லா அறிக்கைகளும் இருந்தால் ஒரு வெள்ளம் போதும். குறியாக்கம் செய்த நகல் ஒன்று டெல்டாவுக்கு வெளியே இருக்கட்டும். இணையப் பாதுகாப்பு நிகழ்வு எதுவானாலும் அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் 2022 ஏப்ரலிலிருந்தே உள்ள உத்தரவு. புதிய விதிகளின் கடமைகள் நடைமுறைக்கு வந்தபின், பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கும் புதிய சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரமும் தர வேண்டியிருக்கும். பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். யார் தொலைபேசியை எடுத்து யாரிடம் சொல்வது என்பதை ஒரு தாளில் எழுதி வரவேற்பறையில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. எதற்காக, எவ்வாறு தகவல் சேகரிப்பது என்று முடிவு செய்பவர் மருத்துவமனை. ஆகவே, உங்களோடு எந்த ஒப்பந்தம் இருந்தாலும் சட்டத்தின் முன் முதல் பொறுப்பு அதனுடையது. நீங்கள் தளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு விலகினால் ஒரு நிலை. ஹோஸ்டிங்கையும் (தளம் தங்கும் சர்வர் இடத்தையும்) பராமரிப்பையும் அட்மின் பாஸ்வேர்டையும் நீங்களே வைத்துக்கொண்டால், மருத்துவமனைக்காகத் தகவலைக் கையாள்பவர் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள். அப்படிப்பட்டவரோடு முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். உங்கள் அலட்சியத்தால் வந்த நட்டத்தை அந்த ஒப்பந்தத்தின்படி மருத்துவமனை உங்களிடம் கேட்கலாம். வேலையின் போது கைக்கு வந்த தகவலை, தீங்கு நேரும் என்று அறிந்தும் அனுமதியின்றி வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை என்பது தனிப்பட்ட முறையில் உங்களுக்கே வரக்கூடியது.

ஜவுளிக்கடைக்கு வாய்மொழியில் வேலை பார்த்திருக்கலாம். இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் தொடங்காதீர்கள். எந்தெந்தத் தகவல், எந்தப் படிவத்தில், எவ்வளவு காலம், யார் யாருக்கு அட்மின் அனுமதி, பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கு யார் பொறுப்பு, அதற்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பவை அதில் இருக்கட்டும். டொமைனும் (தளத்தின் இணைய முகவரியும்) ஹோஸ்டிங்கும் மருத்துவமனையின் பெயரிலேயே வாங்கப்பட வேண்டும். டாக்டர் வற்புறுத்தியும் நீங்கள் வேண்டாம் என்று சொன்னவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்காக உண்மையான நோயாளிகளின் அறிக்கைகளைப் பயன்படுத்தாதீர்கள். கற்பனைப் பெயர்களில் பத்து அறிக்கைகள் தயாரித்துக்கொள்ள அரைமணி நேரம்தான் ஆகும். மாதிரிக்கு என்று வரவேற்பாளர் ஏற்கெனவே வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவை இருந்தால், உங்கள் செல்பேசியிலும் மடிக்கணினியிலும் கூகுள் டிரைவிலும் அவற்றை இன்றே அழித்துவிட்டு, அழித்ததை டாக்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.